சின்னையாவின் காக்கைக்கு ஆற்று மீன்

கிள்ளான் பக்கத்துப் பண்டமாரான் ஊரில் புஷ்பவல்லி தூண்டில் போட்டால் மீன்கள் வரிசையில் நின்று நம்பர் வாங்கும் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு தடவை அவள் பிடித்த கெளுத்தியைத் தூக்க லோரி வந்தது, லோரியைத் தூக்க கிரேன் வந்தது என்பார்கள். பேச்சுதானே, வரி கட்டவா வேண்டும்? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மேரு தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓடும் ஆற்றங்கரையில் அவள் உட்கார்ந்திருந்த தினுசைப் பார்த்தால், மீன்தான் அவளைப் பிடித்துக் கரையில் போட்டது போல இருக்கும்.

இரவெல்லாம் துறைமுகத்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் போயிருந்தது. தூங்கலாம்தான். ஆனால் மறுநாள் புருஷன் சின்னையாவின் திதி.

போன வருஷத் திதிதான் இத்தனைக்கும் காரணம். பாசார்க் கடையில் வாங்கிய மீனைக் குழம்பு வைத்துப் படைத்தாள். காக்கை வந்தது. மதில்மேல் உட்கார்ந்து, இலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டு பறந்துபோனது. காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. பொழுது சாய்கிறவரை பட்டினியாகக் காத்திருந்து, கடைசியில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். "உயிரோட இருந்தப்பவே கடை மீனத் தொடமாட்டாரே, ஆத்து மீன்தானே கேப்பாரு" என்று பக்கத்து வீட்டு லெட்சுமி சொன்னது வருஷம் முழுக்க முள்ளாய்த் தொண்டையில் நின்றது. சின்னையா கேட்பது லம்பாம் மீன். இதே கரையில் அவர் பிடித்துக் கொண்டுவருவார்.

இப்போது லம்பாம் எங்கே? தூண்டிலில் ஏறியதெல்லாம் பண்டாராயா மீன். உடம்பெல்லாம் ஓடு, வயிற்றுப் பக்கம் உறிஞ்சும் வாய். தொட்டியில் பாசி தின்னட்டும் என்று வாங்கி வளர்த்து, பெருத்ததும் ஆற்றில் கொட்டிவிடுகிறார்கள். அது ஆற்றையே தன் பெயருக்கு எழுதிக்கொண்டது.

"குடு தங்கச்சி அத" என்று வாங்கினார் கொர்னேலியஸ். பிரிக்பீல்ட்ஸ்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். வெளிநாட்டு மீன் எதுவானாலும் கட்டையால் ஒரே போடு போட்டுச் சாக்கில் கட்டுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராக இங்கேதான் வருவார்.

"அங்கிள், அதுவும் உயிர்தானே லா" என்றான் ராதாகிருஷ்ணன். மேருவில் டயர் கடை வைத்திருக்கிறவன். அவன் தூண்டிலின் விலைக்கு ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கலாம். பிடித்த மீனை முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விடுகிற ஆள்.

"உயிர்தான். லம்பாம் முட்டை உயிரில்லையா? எல்லாத்தையும் இதுதான் தின்னுது."

"லம்பாம் போனது இந்த மீனாலயா? மேல இருக்கற பேக்டரி தண்ணியாலயா? அந்தத் தண்ணியிலயும் இது இருக்குன்னா அதுக்குக் கப் குடுக்கணும்."

"ஒனக்குப் புடிச்சுப் புடிச்சு விட்டு வெளையாட வெளிநாட்டு மீன் வேணும். அதான் வக்காலத்து."

வாராவாரம் இதே வழக்கு, இதே வக்கீல்கள். புஷ்பவல்லிக்குக் கண் சொருகியது. அப்போதுதான் தூண்டில் வளைந்தது.

வந்தது பண்டாராயா இல்லை. பச்சை மஞ்சள் உடம்பு, கறுப்புப் பட்டை, வால் அடியில் மயில் கண்ணாய் ஒரு பொட்டு. பீகாக் பாஸ், இதுவும் வெளிநாட்டிலிருந்து வந்து ஆற்றில் குடியேறியதுதான். ராதாகிருஷ்ணன் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டான்.

"அக்கா! விட்டுருங்கக்கா. இந்த சைஸ் கெடைக்கவே கெடைக்காது."

"விட்டா குஞ்சு மீனெல்லாம் காலி. கட்டைய எடுக்கறேன் பாரு" என்றார் கொர்னேலியஸ்.

"ரெண்டு பேரும் தள்ளுங்க. இத நான் கொழம்பு வைக்கப் போறேன். நாளைக்கு அவரு திதி."

கொர்னேலியஸ் கட்டையைக் கீழே போட்டார், ராதாகிருஷ்ணன் கரையேறினான். அந்த ஆற்றங்கரையில் வழக்கு அப்படிப் பாதியில் நின்று பல காலம் ஆகிறது.

கொர்னேலியஸ்தான் மெல்லச் சொன்னார்: "சின்னையா இந்த மீனப் பாத்தாலே காறித் துப்புவான், தங்கச்சி. திருட்டுத்தனமா வந்து பூந்த மீனும்பான்."

"ஆத்து மீன்தானேண்ணே? வேற எத நான் பிடிக்க? நாளைக்கு லீவு கேட்டதே பெரும்பாடு."

மறுநாள் இருவரும் வந்துவிட்டார்கள். கொர்னேலியஸ் ஒரு ஸ்டவுட் பீர் போத்தலோடும், ராதாகிருஷ்ணன் சின்னையா பிடிக்கும் சிகரெட்டோடும். துக்கம் பாதி, வழக்கு பாதி. காக்கை தின்றுவிட்டால் ஊரே இந்த மீனைத் தின்னும், ஆறு சுத்தமாகும் என்பது கிழவர் கணக்கு. தின்னாவிட்டால் சனங்கள் அதை விட்டுவிடுவார்கள் என்பது டயர்க்கடைக்காரன் ஆசை. இத்தனை பாரத்தையும் ஒரு காக்கையின் அலகில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

வாழையிலையில் சோறு, அவித்த முட்டை, குழம்பில் மிதக்கும் மீன் தலை. பின்கட்டு மதிலில் இலையை வைத்துவிட்டு, "கா… கா…" என்று அழைத்தாள் புஷ்பவல்லி. குரலே எழவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. "சாப்ட்டுட்டுப் போங்க. இந்த வருஷமாச்சும்" என்று முணுமுணுத்தாள்.

காக்கை வந்தது. மதிலில் தத்தியது. இலையைப் பார்த்தது, கொர்னேலியஸைப் பார்த்தது. முட்டையை ஒதுக்கியது. மீன் தலையை ஒரே கவ்வாகக் கவ்விக்கொண்டு கூரைமேல் ஏறியது.

புஷ்பவல்லி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வந்ததா, தூக்கம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பாத்தியாடா?" என்றார் கொர்னேலியஸ்.

"காக்கா லா அங்கிள். டயரக் குடுத்தாலும் தின்னும். அதுவும் கிள்ளான் காக்கா."

"கிள்ளான் காக்கா என்ன கிள்ளான் காக்கா! காப்பித் தோட்டத்துப் புழுவத் திங்கட்டும்னு வெள்ளக்காரன் சிலோன்லேருந்து கப்பல்ல கொண்டாந்து விட்டது."

"அப்ப அதையும் கட்டையால போடுங்க!"

"டேய், திதி வீட்டுல பேசற பேச்சாடா?"

அவள் எழுந்து மூவருக்கும் இலை போட்டாள். படையல் முடிகிறவரை குழம்பை ருசி பார்க்கக் கூடாது, அதனால் யார் நாக்கிலும் இன்னும் படவில்லை. முதல் கவளத்தை வாயில் வைத்த புஷ்பவல்லி நிறுத்தினாள். மற்ற இருவரும் மெல்லுவதை நிறுத்தித் தரையைப் பார்த்தார்கள்.

குழம்பில் உப்பே இல்லை. அசதியில் மறந்திருக்கிறாள்.

முப்பது வருஷக் குடித்தனத்தில், உப்பு ஒரு சிட்டிகை குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற மனிதர். அவரா இதை ஒரே கவ்வில் கொண்டுபோனார்? செத்த பிறகு திருந்திவிட்டாரா, அல்லது வந்தது ஏதோ ஒரு காக்கையா? யோசிக்கலாம்தான். யோசிக்கத் தெம்பு வேண்டுமே. எப்படியும் காக்கை எடுத்தாயிற்று. இன்றைக்குச் சாப்பாடு உண்டு.

"இந்த மீனே அப்படித்தான் தங்கச்சி, சப்புனு இருக்கும். நம்ம லம்பாம் மாதிரி வருமா?" என்றார் கொர்னேலியஸ், பெருந்தன்மையாக.

"மீனு நல்லாத்தான் இருக்கு அங்கிள், ஒங்க நாக்குதான்…"

புஷ்பவல்லி உப்பு டப்பாவை எடுத்து இருவருக்கும் நடுவில் டொக்கென்று வைத்தாள்.

"அவங்கவங்க போட்டுக்குங்க. என்னைய விடுங்க."

தன் இலையில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிப் பிசைந்து, தலை நிமிராமல் சாப்பிட்டாள். கூரைமேல் முள்ளைக் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.