பின்சக்கரத்துக்குக் காற்று

சிங்கப்பூர் கிராஞ்சியில் செடி விற்பவனுக்கு இவ்வளவு பலமான எஞ்சின் எதற்கு என்று என் பிக்கப்பைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அவசரம் கிடையாதுதான். அவசரம் எனக்கு. இருக்கிற பலம் போதாதென்று டர்போவை வேறு கொஞ்சம் உசுப்பிவிட்டிருந்தேன். வண்டியை ஓட வைக்க எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதியைக்கூட நிறுத்துவதற்கு எடுத்துக்கொள்ளவில்லை. பின்சக்கரங்களில் இருந்தவை பழைய டிரம் பிரேக்குகள்.

ஒரு மத்தியானம் மண்தொட்டிகளை அடுக்கிக்கொண்டு மேம்பாலத்தில் இறங்கும்போது கருகல் வாசனை வந்தது. ஓரங்கட்டி இறங்கி, பின்சக்கரத்துக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சிறந்த வழி இல்லை. அதைவிட முட்டாள்தனமான வழியும் இல்லை. கொப்புளத்தோடு வீட்டுக்குப் போனேன்.

என் மனைவிதான் நர்சரியின் உண்மையான முதலாளி. விரலுக்கு மருந்து தடவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "அடுத்த இன்ஸ்பெக்‌ஷன்ல ஃபெயிலாச்சுன்னா வித்துடறோம். வேன் வாங்கறோம். வெள்ளை வேன்."

வெள்ளை வேன்! இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. நேராக ஒர்க்‌ஷாப் பாயிடம் ஓடினேன். இருபது வருஷமாக என் வண்டிகளையும் என் பதற்றத்தையும் சேர்த்துப் பழுது பார்ப்பவர் அவர்.

"டிரம்முன்னா மூடி போட்ட சட்டி," என்றார். "உள்ள சூடு ஏறினா வெளிய போக வழி இல்ல. ரொம்பச் சூடானா பிரேக் ஷூ பிடிக்காது. நீங்க மிதிப்பீங்க, வண்டி அப்புறமா நிக்கறேங்கும்."

"பாய், உயிர் போயிடுமா?"

"இந்த ஊர்ல மலைன்னு இருக்கிறதே ஒரு புக்கித் தீமா. அதுலயும் நீங்க வண்டி ஏத்தப் போறதில்ல. எதுக்கு லா இவ்வளவு பயம்?"

பயம் மலைக்கு இல்லை, வெள்ளை வேனுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் சூடு தாங்குகிற புது ஷூ போட்டார். சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும்படி, வெளிப்பக்கம் வரிவரியாகச் செதில் வைத்த அலுமினிய டிரம் மாட்டினார். டிரம்மின் பின்தகட்டில் ஓட்டை போட்டு, வண்டியின் அடியிலிருந்து காற்று வர இரண்டு பக்கமும் குழாய் இழுத்தார். குழாயின் வாய்க்குக் கம்பி வலை வெட்டப் போனவரை நான்தான் தடுத்தேன்.

"வலை போட்டா காத்து குறையும் பாய்."

"கல்லு, குப்பை உள்ள போகும்."

"சிங்கப்பூர் ரோட்ல குப்பை ஏது?"

பாய் என்னை ஒரு முறை பார்த்தார். வலையை ஆணியில் மாட்டிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

இன்ஸ்பெக்‌ஷன் நாள் காலையில் என் மனைவி வண்டியின் முன்னால் ஓர் எலுமிச்சையும் ஏழு பச்சைமிளகாயும் கோத்த சரத்தைக் கட்டினாள். நான் சிரித்தேன். "டிரம்முக்கு வேண்டியது காத்து. காய்கறி இல்ல," என்றேன். எவ்வளவு அறிவியல்பூர்வமான மனிதன்! கிராஞ்சியிலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா வரை அந்தப் பெருமையிலேயே ஓட்டினேன்.

சிராங்கூன் ரோட்டில் நானும் கூட வந்திருந்த மனைவியும் பூக்கடைக்குத் துளசிச் செடிகளை இறக்கினோம். கடைக்காரம்மாவிடம் பேச அவள் உள்ளே போனாள். நான் தனியாக நின்றேன். வெள்ளை வேன் ஒன்று என்னைக் கடந்து போனது. அடுத்த நிமிஷம் பக்கத்துக் கடையில் எனக்கென்று ஓர் எலுமிச்சை மிளகாய்ச் சரம் வாங்கிவிட்டேன்.

அவள் கண்ணில் படாத இடமாகக் கட்ட வேண்டும். வண்டிக்கு அடியில் கையை விட்டு, இடப்பக்கக் குழாயின் வாயிலேயே கட்டினேன். அதற்கு ஒரு தர்க்கமும் வைத்திருந்தேன்: வருகிற காற்று முதலில் மிளகாய் மேல் பட்டு, திருஷ்டி கழிந்து, சுத்தமாகப் பிரேக்குக்குள் போகட்டும்.

விரைவுச்சாலையை விட்டு இறங்கி, சிக்னலுக்குச் சிக்னல் மிதித்துக்கொண்டு போகும்போது அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"யாரோ தாளிக்கறாங்க."

"ரோட்லயா?"

அவள் தும்மினாள். எனக்குக் கண் எரிந்தது. தொண்டை கமறியது. போச்சு, புது ஷூ எரிகிறது, விஷப்புகை என்று முடிவு கட்டி ஓரங்கட்டினேன். அவள் குடிக்க வைத்திருந்த பார்லித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி, சக்கரத்தின் மேல் ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"அது என் பார்லி!"

"நம்ம உயிர் முக்கியமா, பார்லி முக்கியமா?"

"முதல்ல இருமலை நிறுத்துங்க. அப்புறம் வசனம் பேசலாம்."

சோதனை நிலையத்தில் பின்சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்திப் பிரேக்கை அளந்தார்கள். வலப்பக்கம் பிரமாதம். இடப்பக்கம் அதில் பாதிகூடப் பிடிக்கவில்லை. ஃபெயில். சோதனை செய்த மலாய்க்காரர் குனிந்து மோந்து பார்த்தார். "அங்கிள், யூ குக்கிங் சம்பல் ஆ?"

மிளகாய் விழுதுக்கு மலாயில் சம்பல் என்று பெயர்; அங்கிள் இருமிக்கொண்டே வண்டியை வெளியே எடுத்தார்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் போனில் வேன் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் வெள்ளை. பாய் இடப்பக்க டிரம்மைக் கழற்றினார். உள்ளே பச்சைக் கூழ், ஷூ முழுக்க மிளகாய் விதை. ஒரு காம்பை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "பிரேக்ல கோளாறு இல்ல மா. யாரோ துவையல் அரைச்சிருக்காங்க."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, நான் கட்டினதா? என்னாலயா?"

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுமட்டுமல்ல, "பரவாயில்ல, விடு, வண்டிய விக்காம இருந்தா சரி" என்று பெருந்தன்மையாக அவள் தோளையும் தட்டினேன். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் தப்பு என்று ஒன்று என் கைக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அனுபவிக்கலாமே என்று ஆசைப்பட்டுவிட்டேன்.

அவள் எழுந்து வண்டியின் முன்பக்கம் போனாள். குனிந்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.

"எலுமிச்சை இருக்கு. ஏழு மிளகாயும் இருக்கு." நிமிர்ந்தாள். "உள்ள போனது யாரோடது?"

பாய் சட்டென்று ஏதோ ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார். குழாயின் வாயில் அறுந்த நூல் ஒன்று இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. என் பின்னாலும் அப்படி ஒரு வால் ஆடுவதுபோல் இருந்தது.

"காத்து போதும், காய்கறி வேண்டாம்னு யாரோ சொன்னாங்க," என்றாள்.

"காத்துக்கும் ஒரு பாதுகாப்பு..."

முதலில் சிரித்தது பாய்தான். கடைசியில் அவளும்.

"வண்டிய விக்க வேண்டாம்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது மேல தப்பு இல்ல. வேன் வாங்கினாலும் ஓட்டப் போறது நீங்கதானே?"

பாய் டிரம்மைக் கழுவி, ஷூவை மாற்றினார். ஆணியில் தொங்கிய வலையை எடுத்து வலப்பக்கக் குழாயில் கட்டினார். இடப்பக்கத்துக்கு வலை போதவில்லை. அவள் பக்கத்திலேயே இருந்த எங்கள் நர்சரிக்கு நடந்து போய் எதையோ எடுத்து வந்து கொடுத்தாள். அவர் பிடியை வெட்டிவிட்டு, அதைக் கம்பியால் இறுக்கினார்.

மறுநாள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடித்தது. பாஸ். அதே மலாய்க்காரர்தான். அடியில் குனிந்து பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார்: "டுடே நோ சம்பல்?"

அன்று சாயங்காலம் நர்சரியில் என் டீயில் தூள் மிதந்தது. வடிகட்டி எங்கே என்று நான் கேட்கவில்லை.