மூன்றாவது இருக்கையில் விரித்த துண்டு

"அக்கா, அண்ணனுக்குக் கொஞ்சம் மயக்கமா இருக்குதுங்க. பயப்படாம வாங்க" என்று போனில் சொன்னவர், எனக்கு முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் வாட்ச்மேன். பயப்படாதே என்று முன்பின் தெரியாதவர் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எனக்கா தெரியாது? செக்கிங் மேஜையில் கையில் இருந்த பனியனை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கம்பெனியின் வரவேற்பறை சோபாவில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். கூலிக்குத் தைத்துக் கொடுக்க ஜாப் ஒர்க் ஏதாவது கிடைக்குமா என்று கேட்கப் போனவர். முதலாளியைப் பார்க்கக் காத்திருந்தபடியே போய்விட்டார்.

ஊருக்கு அவர் வேலுச்சாமி. எங்களிடம் வேலை செய்தவர்களுக்கு அண்ணன். எனக்குக் கணவர், பெயர் சொல்லி எழுத இப்போதும் கை கூசுகிறது. திருப்பூரிலிருந்து அவிநாசி போகும் வழியில் தகரக் கூரை போட்ட சிறிய பனியன் கம்பெனி ஒன்றை இருவருமாக நடத்தி வந்தோம். பனியன் உற்பத்தியாளர் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஆற்றிய தொண்டு, பெற்ற விருது என்று அடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் அமெரிக்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் பார்க்கப் போனதை எழுதுகிறேன். அவர் எப்படிப்பட்டவர் என்பதும், எதனால் போனார் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

கல்யாணமான புதிதில் அவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். கோபம் வராத மனிதர். ஆனால் கெட்ட சேதியை வாய் திறந்து சொல்லும் தைரியம் மட்டும் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. என் அம்மா இறந்த சேதி முதலில் அவருக்குத்தான் வந்தது. "சும்மா ஒருக்கா ஊருக்குப் போயிட்டு வரலாம் அம்மிணி" என்று பஸ் ஏற்றினார். தாராபுரம் வரைக்கும் நூல் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான், "தைரியமா இரு சாமி" என்று என் கையைப் பிடித்தார். அன்றைக்கு நான் அவரைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை.

பல வருடங்களாக அமெரிக்காவின் ஒரு பேஸ்பால் அணிக்கு, அதன் ரசிகர்கள் போடும் டி-ஷர்ட்டை நாங்கள் தைத்துக் கொடுத்தோம். ஊதா நிறம், நெஞ்சில் ஒரு குதிரைத் தலை. எங்கள் கம்பெனியே அந்த ஒரு ஆர்டரில்தான் நின்றது. போன வருடம் அங்கே நம் நாட்டுச் சரக்குக்கு வரியை ஏற்றினார்கள். அணிக்காக எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து, "இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்" என்று ஒரு வரி வந்தது. வெட்டிய துணி வெட்டியபடியே கட்டுக் கட்டாகக் கிடந்தது. மகள் அந்த நாட்டில்தான் இருக்கிறாள். எத்தனையோ முறை கூப்பிட்டும் போகாதவர், இப்போது கிளம்பினார். சரக்கு வாங்கும் அந்தக் கம்பெனியின் அதிகாரியை நேரில் பார்த்துக் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். "நம்ம ஊட்டுல உக்காந்து சாப்பிட்ட மனுசன் அம்மிணி. மூஞ்சியப் பார்த்து இல்லீன்னு சொல்ல மாட்டாரு" என்றார். டெய்லர்களிடமும், "ஆர்டரோட வர்றேன், பொறுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

அந்த அதிகாரி போனில் நன்றாகத்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் அனுப்புவதாகவும், தானும் வந்து பக்கத்தில் உட்கார்வதாகவும், ஆட்டம் பார்த்தபடியே பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மகள் எங்களை வாசலில் இறக்கிவிட்டாள். உள்ளே போய்ப் பார்த்தால் மலைச்சரிவு மாதிரி ஜனம், எங்கு திரும்பினாலும் ஊதா. "பாரு அம்மிணி, எல்லாம் நம்ம சரக்கு" என்று மனிதருக்கு வாயெல்லாம் பல். உட்கார்ந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூன்றாவது இருக்கையில் விரித்தார். "இது பழனி பஸ்ஸுங்களா, துண்டு போட்டு இடம் புடிக்கறதுக்கு? அதுல நெம்பர் போட்டிருக்குதுங்க" என்று நான் சிரித்தேன். "இருக்கட்டும், யாராச்சும் உக்காந்துட்டா?" என்றார்.

ஆட்டம் ஆரம்பித்தது. அவர் மைதானத்தைப் பார்க்கவில்லை. ஏறி வருகிற படியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு பருத்த மனிதர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய டி-ஷர்ட் தோள் தையலில் ஒரு பிசிறு நூல் தொங்கியது. காலமெல்லாம் பனியனில் பிசிறு பார்த்த கை சும்மா இருக்குமா? என் வீட்டுக்காரர் மெல்ல எட்டி, அந்த நூலை விரலில் சுற்றி அறுத்துவிட்டார். அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார். "சாரி சார், த்ரெட், த்ரெட்" என்று இவர் நூலைக் காட்டினார். பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "திஸ் டி-ஷர்ட், வீ மேக். இண்டியா. திருப்பூர்" என்றார்.

அவ்வளவுதான், அந்த மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று கை குலுக்கினார். அவர் மனைவி ஆசையாகத் தன் கணவரின் கழுத்துப் பட்டியைத் திருப்பி, உள்ளே இருந்த லேபிளைச் சத்தமாகப் படித்தார். அதில் இந்தியா இல்லை. வேறொரு நாட்டின் பெயர் இருந்தது. இன்று காலை வாசல் கடையில் வாங்கியது என்று அந்த அம்மா சங்கடத்தோடு சொன்னார்.

அதே ஊதா, அதே குதிரை. எங்கள் சரக்கு கூரைக்கடியில் தூசி தின்றுகொண்டிருக்க, புதுச் சரக்கு வேறெங்கோ தைத்து வந்து கடையில் தொங்குகிறது. "ஏனுங்க, ஆர்டர் கைமாறிப் போச்சுங்க. அவர் வர மாட்டாருங்க. வாங்க, போயிரலாம்" என்றேன்.

"வர்றேன்னு சொல்லியிருக்காரு அம்மிணி" என்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. போன் போட்டார், அடித்து ஓய்ந்தது. திரும்பத் திரும்பப் போட்டார்.

ஒன்பது சுற்றில் ஆட்டம் முடியும், சமமாக நின்றால் தீருகிற வரைக்கும் ஆடுவார்கள் என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். அன்று சமமாகத்தான் நின்றது. ஜனமெல்லாம் உச்சுக் கொட்டியது. இவர் ஒருவர்தான் கை எடுத்துக் கும்பிட்டார். "இன்னும் ஆட்டம் இருக்குது அம்மிணி. டிராபிக்குல மாட்டியிருப்பாரு." எந்த அணி எது என்று அவருக்குத் தெரியாது. மட்டையோடு யார் வந்தாலும் அவுட் ஆக வேண்டும், ஆட்டம் முடியவே கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

கடைசியில் எவனோ ஓங்கி அடித்தான். பந்து ஜனத்துக்குள் போய் விழுந்தது. ஊதாக் கூட்டம் முழுவதும் எழுந்து குதித்தது. முன் இருக்கைக்காரர் திரும்பி என் கணவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இவர் அந்த அந்நிய மனிதரின் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். தங்கள் அணி ஜெயித்ததற்கு இவருக்கு இவ்வளவு ஆனந்தமா என்று அந்த மனிதர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பெருக்குகிறவர்கள் எங்கள் வரிசைக்கு வந்த பிறகுதான் துண்டை எடுத்து உதறி மடித்தார். "மேட்ச் நல்லா இருந்துச்சாப்பா?" என்று காரில் மகள் கேட்டாள். "அருமையா இருந்துச்சு கண்ணு" என்றார்.

ஊர் திரும்பிய அன்றே டெய்லர்கள் சூழ்ந்துகொண்டு ஆர்டர் என்னாச்சு என்றார்கள். "பேசிட்டிருக்கறோம்" என்றார். என்னிடம், "திங்கக்கிழமை அவங்ககிட்டச் சொல்லிப்போடறேன் அம்மிணி" என்றார். அந்தத் திங்கள் போய் அடுத்த திங்கள் வந்தது. ஆட்களைச் சும்மா உட்கார வைக்க மனமில்லாமல், இல்லாத ஒரு பையர் வாங்கப் போவதாகச் சொல்லிச் சாம்பிள் தைக்கச் சொன்னார். தைத்ததைப் பிரித்து, கழுத்தை மாற்றி மறுபடியும் தைக்கச் சொன்னார். பகலெல்லாம் கம்பெனி கம்பெனியாக ஏறி ஜாப் ஒர்க் கேட்டார். நான் சொல்லிவிடட்டுமா என்று கேட்டால், "வேண்டாம் சாமி, எல்லாம் நம்மள நம்பி வந்த புள்ளைங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு திங்கட்கிழமை நானே எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். ஆர்டர் போய்விட்டது, அமெரிக்காவிலேயே அது எங்களுக்குத் தெரியும், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமலே அவர் போய்விட்டார் என்று சொன்னேன். தேனிப் பக்கத்திலிருந்து வந்து தைக்கிற ராஜாத்திதான் முன்னால் வந்தாள்.

"எங்களுக்குத் தெரியும்க்கா. நூல் வரல, சரக்கைச் சோதிக்கிற க்யூசி ஆளு வரல, தெரியாமலா இருக்கும்? நாங்க பாதிப் பேரு வேற கம்பெனியில நைட் ஷிப்ட் பார்த்துட்டுத்தான் காலையில இங்க வந்து உக்காந்தோம். வரலேன்னா அண்ணன் ஒடைஞ்சு போயிருவாருன்னு நெனச்சோம்க்கா."

அவர்கள் மனம் நோகுமே என்று அவர் சொல்லவில்லை. அவர் மனம் நோகுமே என்று அவர்கள் சொல்லவில்லை. யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

அவரவர் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, "வர்றோம்க்கா" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மெயின் சுவிட்சை நான்தான் அணைத்தேன்.

ஏனுங்க, நீங்கள் பயந்துகொண்டே இருந்த திங்கட்கிழமை வந்து போய்விட்டது. உங்களை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ராஜாத்திதான் உங்கள் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதுவிட்டுப் போனாள். போய் வாருங்கள்.