காணிக்கைப் பையில் மாத்திரை

இன்று மட்டாஞ்சேரி பஸ்ஸில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா கம்பியைப் பிடித்தபடியே தள்ளாடினார். பிடித்து உட்கார வைத்தேன்.

"பிரஷர் மாத்திரை போடலையாக்கா?"

"அதெல்லாம் காணிக்கைப் பையில போட்டாச்சு. வீட்டு ஜெபத்துக்கு வந்த பிரசங்கியார், மாத்திரை திங்கிறது அவிசுவாசம்னு சொன்னாராக்கும்."

"பைபிள்ல அப்படி எங்கேக்கா இருக்கு?"

"நீ சும்மா இரி மோளே. அவரு ஆவியோட அபிஷேகம் உள்ள ஆளு." போனில் பிரசங்கியாரின் வீடியோவைக் காட்டினார்.

மனிதர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார்.

"இதை மட்டும் ஏன் அவர் பையில போடலைக்கா?"

அக்கா போனைப் பைக்குள் வைத்தார். சுள்ளிக்கல் ஸ்டாப்பில் இறங்கி, மருந்துக்கடையைத் தாண்டி நடந்துவிட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஜெபத்துக்கு நானே ஒரு பையோடு வாசலில் நிற்கப்போகிறேன். முதலில் விழவேண்டியது அந்தக் கண்ணாடி.

கூட யார் வருகிறீர்கள்?