வருஷ பாஸில் தூங்கியவள்

தீம் பார்க்குக்குத் தூங்கப் போகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் என் அக்காவாகத்தான் இருப்பாள். மற்றவர்கள் அங்கே கத்தப் போவார்கள், தலைகீழாகத் தொங்கப் போவார்கள், குடலைப் புரட்டிக்கொண்டு இறங்கி வந்து மறுபடியும் அதே வரிசையில் நிற்பார்கள். இவள் காலையில் கதவு திறந்ததும் உள்ளே போவாள், படகில் ஏறுவாள், படுப்பாள். மதியம் எழுந்து வீட்டுக்கு வருவாள். இந்த அழகுக்கு ஒரு வருஷ பாஸ்.

சிரிக்காதீர்கள். அக்காவுக்கு வேலை பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், இராத்திரி ஷிஃப்ட். துவைத்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் ஒருத்தி விட, இன்னொருத்தி அந்தப் பக்கம் இழுத்து மடிக்க வேண்டும். ஊரில் இருக்கிற நோயாளிகளுக்கெல்லாம் விரிப்பு மடித்துத் தருகிறவளுக்கு, பகலில் கண்ணை மூட ஓர் இடம் கிடையாது. நாங்கள் குடியிருப்பது இரும்பு கேட் செய்யும் பட்டறையின் மேல்மாடியில். வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்பது காலையில் முதல் சுத்தியல் விழுந்ததும் புரிந்துவிடும். லாரி ஓட்டும் அவள் புருஷன், என் மாமா, எப்போதாவது வீட்டுக்கு வந்தால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கிவிடுவார். அக்காவுக்குப் பஞ்சும் உதவவில்லை.

எனக்குச் செருப்புக் கடையில் வேலை. நாள் முழுக்க ஊரார் காலைப் பிடிக்கிற பிழைப்பு. அங்கே கோபப்பட முடியாது. அதையெல்லாம் மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பட்டறையும் மூடியிருக்கும் விடுமுறை நாட்களில் அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டு கொட்டுவேன். பாதியில் குறட்டை வரும். சாதாரணக் குறட்டை இல்லை, அலமாரிப் பாத்திரம் அதிரும். எழுப்பிக் கேட்டால், "எனக்கா குறட்டை? போடி இவளே" என்பாள்.

பார்க் திறந்த புதிதில் ஆள் வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை போகிற காசுக்கு ஒரு வருஷ பாஸ் என்று கூவிக் கூவிக் கொடுத்தார்கள். மாமா ஓர் ஆசையில் அக்காவைக் கூட்டிப்போனார். அந்தக் குகைப் படகில் ஏறியதும் அவள் தூங்கிப்போனாள். இறங்கியதும் நேராகப் போய் பாஸ் வாங்கிவிட்டாள்.

குகை என்றால் சிமெண்டுக் குகைதான். உள்ளே இருட்டு, ஓரத்தில் நீல வெளிச்சம், கூரை முழுக்க நட்சத்திரமாகச் சின்னச் சின்ன விளக்குகள். தண்ணீர் தானே மெல்ல நகர்ந்து படகைக் கூட்டிப்போகும். எங்கேயும் போய்ச் சேராது, சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே நிற்கும். அங்கே ஏற்றி இறக்குகிறவரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். வெள்ளைத் தொப்பி போட்டிருப்பார். நீச்சல் தெரியாது. வரிசையில் ஆள் இல்லாவிட்டால் அக்காவை இறங்கச் சொல்லமாட்டார். காலால் படகை ஒரு தள்ளு தள்ளி மறுபடி இருட்டுக்குள் அனுப்பிவிடுவார்.

"தண்ணிக்கடியில படுத்திருக்கற மாதிரி இருக்கும்டி" என்று அக்கா சொல்வாள். "நான் யாரு, எங்க இருக்கேன், எல்லாம் மறந்துடும். முன்னாடி படகுல யாராவது பேசுவாங்க. அது தண்ணி மேல மிதந்து மிதந்து வரும். ஒரு அம்மா தினமும் வரும். 'கையை உள்ள வை, மீன் கடிக்கும், கையை உள்ள வை'ன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தக் குரல் கேட்டா போதும், எனக்குக் கண்ணு சொருகிடும்."

"அந்த அம்மா எப்படி இருப்பாங்க?"

"யாருக்குத் தெரியும்? இருட்டுல குரல்தானே."

அப்புறம் ஊருக்கே விஷயம் தெரிந்துபோனது. மலிவான பாஸ் ஆயிற்றே, விடுவார்களா? கல்லூரிக்கு மட்டம் போடுகிறவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் என்று எல்லார் கழுத்திலும் பாஸ் தொங்கியது. படகுக்கு வரிசை பாம்பாக வளைந்து நின்றது. ஒவ்வொரு சுற்றுக்கும் அக்கா இறங்கி, நின்று, மறுபடி ஏறி, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது. தூக்கம் துண்டு துண்டாகிவிட்டது.

ஒருநாள் வேலையில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். சட்டைக் கை உருளைக்குள் போய்விட்டது. எதிரில் நின்றவள் பாய்ந்து இயந்திரத்தை நிறுத்தினாள். போனது துணியோடு போயிற்று, கை தப்பியது. "இன்னொரு தடவை இப்படி நடந்தா வீட்டுலயே இருந்துக்கோங்க" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். கருகிய அந்தத் துணியைப் பார்த்ததும் அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் பார்க் வாசலில் கையில் டேப்லெட்டோடு நின்ற ஒரு பெண், "எங்க பார்க்ல எதை மாத்தினா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று அக்காவைக் கேட்டிருக்கிறாள். பாவம், கேட்ட நேரம் சரியில்லை.

"விலையை ஏத்துங்க. நாலு மடங்கா ஏத்துங்க. கூட்டம் தன்னால ஓடிப்போகும்" என்று பொரிந்து தள்ளிவிட்டு வந்திருக்கிறாள் என் அக்கா.

அடுத்த மாதமே வாசலில் அறிவிப்பு வைத்தார்கள். 'வழக்கமாக வரும் விருந்தினர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, நெரிசலைக் குறைக்க, வருஷ பாஸ் கட்டணம் மாற்றப்படுகிறது.' மாற்றம் என்றால் சரியாக நாலு மடங்கு. அக்கா வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்டி சொன்னேன்."

"நீ சொன்னா கேக்கறாங்களாக்கும்! மாமாவே நீ சொன்னா கேக்கறதில்லை."

"நாலு மடங்குன்னு சொன்னேன்டி. அதே நாலு மடங்கு!"

அவள் பாஸுக்கு இன்னும் சில வாரம் உயிர் இருந்தது. மற்றவர்களின் பாஸ் ஒவ்வொன்றாகக் காலாவதியாக, வரிசை தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் குகை முழுக்க அக்காவுக்கு என்று ஆனது. ஆனாலும் தினமும் சிவந்த கண்ணோடுதான் வீட்டுக்கு வந்தாள். என்னவென்று கேட்டால் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அந்த உருளையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

பாஸின் கடைசி நாளன்று நான் லீவு போட்டு, வயிறெரிய ஒருநாள் டிக்கெட் வாங்கி, அவளோடு போனேன். அப்படியொரு காலியை நான் பார்த்ததில்லை. யாருமில்லாத இடத்தில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. குடை ராட்டினம் குதிரைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு சுற்றியது. வெயில்கூட அங்கே மெதுவாகத்தான் விழுவதாகத் தோன்றியது.

"வாங்கம்மா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் படுங்க, கேக்க ஆளில்ல" என்று கேப்டன் படகைத் தள்ளிவிட்டார்.

அக்கா காலை நீட்டிப் படுத்தாள். நட்சத்திரங்கள் எங்கள் மேல் நகர்ந்தன. தண்ணீர் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ஒரு சுற்று முடிந்தும் அவள் கண் திறந்தபடியே இருந்தது.

"கேக்குதா?" என்றாள்.

"என்ன? ஒண்ணுமே கேக்கலையே."

"அதான். மீன் கடிக்கும்னு சொல்ற அம்மா இல்லை. கூரை நட்சத்திரத்தை எண்ணி எண்ணித் தப்பாச் சொல்ற தாத்தா இல்லை. எல்லாரையும் நான்தானே விரட்டினேன்? இந்த அமைதியில எப்படித் தூக்கம் வரும்?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கடைப் புராணத்தை ஆரம்பித்தேன். கடையையே தலைகீழாகக் கொட்டிப் பார்த்துவிட்டு ஒரு லேஸ் மட்டும் வாங்கிப்போன மகராசியைத் திட்டினேன். ஓட்டை சாக்ஸோடு வந்து என்னை முறைத்தவனைத் திட்டினேன். இரண்டாம் சுற்றில் அவள் கண் மூடியது. நான் நிறுத்தினால் இமை அசைந்தது, அதனால் தொண்டை வறளும்வரை திட்டிக்கொண்டே சுற்றினேன். கேப்டன் ஒவ்வொரு தடவையும் சத்தமில்லாமல் காலால் தள்ளிவிட்டார். ஆனால் குறட்டை வரவில்லை. குறட்டை இல்லாத தூக்கம் அவளுக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் முதலாளியிடம் போய் நின்றேன். எங்கள் கடைக்கு மேலே பலகைத் தளம் போட்ட ஓர் அறை, அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அக்கா காலையில் அங்கே படுத்துக்கொள்ளட்டுமா என்றேன். "எலி வருது. ஆள் நடமாட்டம் இருந்தா நல்லதுதான்" என்றார். அவ்வளவுதான், ஜாகை கிடைத்துவிட்டது. கீழே நானும் வாடிக்கையாளர்களும் பேசுவது பலகை வழியாக மங்கலாக மேலே போகும். நான் கொஞ்சம் உரக்கவே பேசினேன். அக்கா தூங்கினாள், ஆனால் கோழித் தூக்கம்தான்.

ஒருநாள் ஓர் அம்மா இரட்டைப் பெண்பிள்ளைகளோடு வந்தார். ஒருத்தி ஷூவுக்குள் காலை விடவே மாட்டேன் என்றாள்.

"காலை உள்ள வை. ஒண்ணும் கடிக்காது, காலை உள்ள வை."

மேலே பலகை கிறீச்சிட்டது. அக்கா கலைந்த தலையோடு, வெறுங்காலோடு ஏணிப்படியில் இறங்கி வந்து நின்றாள்.

"நீங்க... படகு... மீன் கடிக்கும்..." பிறகு எல்லாம் சேர்ந்து கொட்டியது. "நான்தாங்க விலையை ஏத்தச் சொன்னேன். அந்த டேப்லெட் பொண்ணுகிட்ட நாலு மடங்கா ஏத்துன்னு சொன்னேன். உங்களையெல்லாம் வரவிடாமப் பண்ணிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். "அட, அந்தப் பொண்ணு என்னையும் கேட்டுச்சு! இந்தக் கூட்டத்துல ரெண்டு வாலுங்களையும் பிடிக்க முடியலை, விலையை ஏத்தித் தொலைங்கன்னு நானும் அதையேதான் சொன்னேன். இப்ப நானே போக முடியலை!"

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் பரவாயில்லை. இதுங்கதான் கரடி வேணும், கரடி வேணும்னு உயிரை வாங்குதுங்க."

"எந்தக் கரடி?" என்றேன் நான்.

"அந்தக் குகைக்குள்ள உறுமுமே! பின்னாலேர்ந்து சத்தம் வரும். அதைக் கேக்கத்தான் இதுங்க தினமும் வரும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஷூப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவள் எழுந்து மேலே போனாள். போகும்போது இரண்டு பிள்ளைகளின் தலையையும் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

நான் மற்றொருத்திக்கு அளவு பார்த்தேன். வார் மாட்டினேன். அந்த அம்மா விலை கேட்டார், சொன்னேன், குறைக்கச் சொன்னார், முடியாது என்றேன். அப்போது மேலே ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு பெட்டிகள் அதிர, எத்தனையோ நாளாக நான் கேட்காத அந்தச் சத்தம். என் கண் நிறைந்துவிட்டது. கையிலிருந்த ஷூவை அப்படியே வைத்துவிட்டேன்.

இரண்டு பிள்ளைகளும் ஒற்றைக் கால் ஷூவோடு அசையாமல் நின்று கூரையைப் பார்த்தார்கள்.

"அம்மா," என்றாள் ஒருத்தி இரகசியமாக, "கரடி இங்க வந்துடுச்சு."