துறைமுகத்துச் சனிக்கிழமைகள்

என் கணவருக்கு நாகப்பட்டினத்துக்கு மாற்றலானபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதி அது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு அரசாங்க ஆபீஸில் அவர் குமாஸ்தா. நான் திருச்சி டவுனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாமியாரை ஸ்ரீரங்கத்தில் தனியாக விட முடியாது. அவரோ பெருமாளை விட்டு வேறு ஊருக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே இவர் மட்டும் நாகையில் ஒரு வீட்டின் பின்கட்டில் ரூம் எடுத்துக்கொண்டார். நான் மாமியாரோடு சித்திரை வீதி வீட்டில் இருந்தபடி பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

என்னை முதலில் ரயில் ஏற்றி அனுப்பியது மாமியார்தான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரே ஜங்ஷனுக்குப் போயிடு. ஞாயித்துக்கிழமை திரும்பி வந்துடலாம். ஹோட்டல்ல சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துப்பான் அவன்."

புளிக்காய்ச்சல், மாகாளிக்கிழங்கு, ஒரு தூக்கு நிறைய முறுக்கு எல்லாம் கட்டிக் கொடுத்தார். ஐப்பசி கடைசி. தஞ்சாவூர் தாண்டியதும் வயல்களெல்லாம் தண்ணீராக நின்றன.

மறுநாள் சனிக்கிழமை. இவருக்கு அரை நாள் ஆபீஸ். என்னைத் துறைமுகத்துப் பக்கம் அழைத்துப்போய், படகுகள் கட்டியிருந்த இடத்துக்குத் தள்ளி ஒரு கல்மேட்டில் உட்கார வைத்தார். சிங்கப்பூர் கப்பலில் வந்து இறங்கிய யாரோ ஒருவரிடம் வாங்கிய பைனாகுலரைத் தோல் உறையிலிருந்து எடுத்து என் கழுத்தில் மாட்டினார்.

"கப்பலைப் பாரு. பொழுது போறதே தெரியாது. மத்தியானம் வந்து கூட்டிண்டு போறேன்."

கப்பலைப் பார்த்தேன். தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. சீக்கிரமே அலுத்துவிட்டது. கண்ணாடியைக் கீழே இறக்கும்போது, கடுவையாறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றில் ஏதோ அசைவது தெரிந்தது. நல்ல கோழி உயரத்தில் ஒரு பறவை. மண் நிறம். அதன் மூக்கு அரிவாள் மாதிரி வளைந்து, அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத நீளத்தில் இருந்தது. அந்த மூக்கைச் சேற்றில் முழுக்கச் செருகி ஒரு நண்டை இழுத்தது. நண்டை உதறி உதறிக் கால்களைக் கழற்றிவிட்டு, உடலை மட்டும் அண்ணாந்து விழுங்கியது. நான் என்னை அறியாமல் "அடி அம்மா" என்றேன். பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில்தான். அதுவரை எனக்குப் பறவை என்றால் காக்கை, கிளி, கொக்கு, கோபுரத்துப் புறா. இவை யாவும் நமக்குத் தெரிந்தவை என்கிற எண்ணத்தில் ஒன்றையும் சரியாகப் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்தச் சேற்றில் நான் பார்த்தவற்றில் ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது. அலை பின்வாங்கும்போது கூடவே ஓடி, அலை வரும்போது முன்னால் ஓடும் பொடிப் பொடிக் குருவிகள். மேலிருந்து கல் விழுவதுபோல் தண்ணீரில் விழுந்து மீனோடு எழும்பும் வெள்ளைப் பறவைகள். இவர் வந்து தோளைத் தொட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலைத்தான் முதல் தவறு என்று சொல்ல வேண்டும். புதுப்பெண்டாட்டியைச் சாப்பிட அழைத்துப்போக வெயிலில் நடந்து வந்திருந்தார்.

அப்புறம் ஒரு வாரம்கூட விடாமல், வாராவாரம் போனேன். பள்ளிக்கூட லைப்ரரியில் படம் போட்ட பறவைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அரிவாள் மூக்கு கோட்டான் (ஆந்தை இல்லை, கரையோரத்துக் கோட்டான்), அலையோடு ஓடியது உள்ளான், கல்லாக விழுந்தது ஆலா, இன்னொன்று உப்புக்கொத்தி என்று ஒவ்வொன்றாகப் பெயர் படிந்தது. பனி உறைந்த வடதேசங்களிலிருந்து கிளம்பி வந்து, பங்குனிக்குள் திரும்பிப் போய்விடுகிறவை அவை என்று தெரிந்தபின் ஒரு சனிக்கிழமையைத் தவறவிடுவதற்கும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இவர் சிக்கல் கோயிலுக்குப் போகலாம் என்பார், சினிமாவுக்குப் போகலாம் என்பார். "கடலோரமே நன்னாயிருக்கே" என்பேன். சரி என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் கண்ணாடியை இறக்குவதே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் எனக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு, விடுமுறையில் ரயிலில் இடிபட்டுப் புருஷனைப் பார்க்கப் போகிறவள். எதிராத்து மாமி தன் மருமகளைக் கடிந்துகொள்ளும்போதெல்லாம் என்னை இழுத்தாள். அந்த மருமகள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். நியாயம்தான்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசியும் ஒரு வாரக்கடைசியில் வந்து வாய்த்தது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் ஸ்ரீரங்கத்துக்கு வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டு ரேழியிலேயே தூரத்து உறவுக்காரர்கள் படுத்திருந்தார்கள். அந்த வாரம் போக வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீ போயிட்டு வா. இத்தனை பேர் சேவிக்க வரா. நீ ஒருத்தி இல்லேன்னு பெருமாள் கோவிச்சுக்க மாட்டார். அங்க அவன் ஒண்டியா உக்காந்திருப்பான்."

சொர்க்கவாசல் திறந்த அன்று விடியும் வேளையில் நான் நாகைக்கு வெளியே ஓர் உப்பளத்து வரப்பில் குந்தியிருந்தேன். அன்றைக்குத்தான் பூநாரைகளைப் பார்த்தேன். தண்ணீரில் ரோஜா நிறத்தில் ஒரு கரையே எழுந்து நிற்பதுபோல் நின்றன. எண்ண ஆரம்பித்து, பாதியில் தவறவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். கூடவே மாமியாரின் குரலும் காதில் இருந்தது. ரூமில் இவர் தனியாகக் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் மாமியார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"எப்படி இருக்கான்? இளைச்சிருக்கானா?"

"இல்லேம்மா. நன்னாத்தான் இருக்கார்."

எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. எந்தக் கோட்டான் எந்தக் காலை லேசாக நொண்டியது என்று சொல்லிவிடுவேன். இவர் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால் விழிப்பேன்.

மாசி பிறந்தது. அந்தச் சனி, ஞாயிறில் நான் ஒரேயொரு பறவையின் பின்னால் அலைந்தேன். கைக்குள் அடங்கும் அளவில் ஒரு சின்ன உப்புக்கொத்தி. கழுத்தில் கறுப்புப் பட்டை. கண்ணைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் இருக்கும், குளிர்காலத்தில் மங்கலாகத் தெரியும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்த வளையத்தை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அது ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் சரியாக விழுந்தபோது பார்த்துவிட்டேன். மெல்லிசான மஞ்சள். தங்கக் கம்பியை வளைத்து வைத்த மாதிரி. இவரைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "ஆமாம், மஞ்சளாத்தான் இருக்கு" என்றார். அன்று மத்தியானம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பசியில்லை என்றார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

அந்த வாரத்திலேயே வீட்டுக்குத் தந்தி வந்தது. உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே வரவும்.

லீவு சொல்லிவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் பூசிய மாதிரிக் கிடந்தார். கண் இரண்டும் எலுமிச்சம்பழத் தோல். கூட உட்கார்ந்திருந்த ஆபீஸ் நண்பர் எழுந்து இடம் விட்டார். உள்ளூர்க்காரர், நல்ல மனிதர்.

"மஞ்சக்காமாலைம்மா. திங்கக்கெழமை காலையில ஆபீஸுக்கு வந்ததுமே நான் கண்ணைப் பாத்துட்டேன். நல்லா மஞ்சளா இருந்துச்சு. ஞாயித்துக்கெழமை நீங்க கூட இருந்தீங்களாமே, அப்பவே தெரிஞ்சிருக்கணுமே?"

"அப்ப இல்லீங்க" என்றேன்.

அவர் கண்ணை நான் பார்க்கவே இல்லை என்பதை மறைக்க அந்தப் பொய் சட்டென்று வந்தது. கட்டிலில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துவந்தோம். கீழாநெல்லி, மோர் சாதம், உப்பில்லாத கஞ்சி. இரண்டு மாதம் படுக்கையாகக் கிடந்தார். எல்லாவற்றையும் மாமியார் செய்தார். விசாரிக்க வந்தவர்களிடம், "இவ போனா கண்ணும் கருத்துமாப் பாத்துப்பா. இவ இந்தண்டை வந்ததும் அந்த ஊர்த் தண்ணி அவனைப் படுத்திடுத்து" என்று சொன்னார். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து இல்லை என்று சொல்ல என்னால் ஆகவில்லை.

உடம்பு தேறியதும் இவர் திருச்சிக்கே மாற்றல் கேட்டு எழுதினார். இன்னும் கொஞ்ச காலம் நாகையில் இருந்திருந்தால் பிரமோஷன் வந்திருக்கும். அதை விட்டுக்கொடுத்துத்தான் மாற்றல். எல்லோரிடமும் ஒரே காரணம் சொன்னார்: "அவ வாராவாரம் ரயில்ல அலையறதைப் பாக்க முடியலை."

ஆர்டர் வந்த அன்று மாமியார் அக்காரவடிசல் செய்தார். நான் நெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து என் தலையைத் தடவிக் கொடுத்தார் அவர். கடலும் சேறும் அரிவாள் மூக்கும் இனி இல்லை என்றுதான் அழுதேன். அதுவும் யாருக்காக ஒரு மனிதர் தன் பிரமோஷனை விட்டாரோ, அந்த நான்.

பைனாகுலரைப் பழைய துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். தண்டனை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டது. பாதி அவர் கண்ணுக்காக, பாதி அவர் பிரமோஷனுக்காக. கொள்ளிடத்துப் பாலத்தைப் பஸ்ஸில் கடக்கும்போது, மணலில் ஏதாவது அசைந்தால் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். இவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் இவருக்கு மேலே போனார்கள். சாப்பிடும்போது அதைச் சாதாரணமாகச் சொல்வார். நான் மோர் எடுக்க எழுந்து போய்விடுவேன்.

சில வருஷங்கள் ஓடின. எண்பதுகள் வந்துவிட்டன. ஒரு பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அந்தத் துணிமூட்டை இவர் கையில் சிக்கியது. பிரித்தார். கண்ணாடிக்குள் பூசணம் பூத்திருந்தது.

"இதை ஏன் இங்க போட்டே? பாழாப் போயிடுத்தே."

நான் அந்தத் துணியை உதறி மடித்தேன். மறுநாள் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கிவந்தார். தை மாதத்து முதல் சனிக்கிழமை விடிந்ததும் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கொள்ளிடக் கரைக்கு அழைத்துப்போனார். மணல்மேல் பனி இன்னும் கலையவில்லை. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாம்" என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தக் குருவியின் கண், அவர் கண், நண்பரிடம் சொன்ன பொய். சொல்லும்போது அவரைப் பார்க்க முடியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "சனிக்கிழமை காலம்பற ஷவரம் பண்ணிக்கறச்சே கண்ணாடியில பாத்தேன். கண்ணு மஞ்சளாத்தான் இருந்தது."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"சொன்னா நீ உடனே டாக்டர்கிட்ட இழுத்துண்டு போவே. அந்தக் குருவி பின்னாடி குழந்தை மாதிரி ஓடிண்டிருந்தே. திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஏதாவது ஆகியிருந்தால் என்று கத்தினேன். மணலில் மேய்ந்துகொண்டிருந்த எல்லாம் எழும்பிப் பறந்தன. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார். "மாத்தல் கேட்டது உனக்காக இல்லே. ஆஸ்பத்திரில தனியாப் படுத்திருந்தபோது ரொம்பப் பயந்து போயிட்டேன். அம்மா பக்கத்துல போயிடணும்னு இருந்தது. அதைச் சொல்ல வெக்கமா இருந்தது. உன் பேரைச் சொல்லிட்டேன். உனக்கு அந்தக் கடல்னா உயிருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் எழுதினேன்."

இத்தனை வருஷமும் அவரும் ஒன்றைச் சுமந்துகொண்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அவருடையதைக் கேட்டதும் என்னுடையது குறைந்துவிடும் என்று யாராவது நினைத்தால், இல்லை, குறையவில்லை. பயந்து கிடந்த மனிதரை அவர் பயந்தது தெரியாமல் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் என்பது புதிதாகச் சேர்ந்துகொண்டது.

பைனாகுலரை வாங்கிக்கொண்டேன். பறந்துபோனவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இறங்கின. வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் ஒரு குருவியை அவருக்குக் காட்டினேன். பார்த்தார், உண்மையாகவே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் மணலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். வெயில் ஏறும் வரை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் காப்பி டிகாக்‌ஷனோடு காத்திருந்தார். எங்கள் காலிலிருந்த மணலைப் பார்த்தார்.

"எங்கே போயிட்டு வரேள் ரெண்டு பேரும்?"

"பட்சி பாக்கப் போனோம்மா" என்றார் இவர்.

"நன்னாயிருக்கு. வாரத்துல ரெண்டு நாள்தான் அவளுக்கு ஓய்வு. அவளையும் இழுத்துண்டு போய் வெயில்ல நிறுத்திட்டயா? அவளுக்கு ஏதுடா இந்தப் பைத்தியமெல்லாம்?"

இவர் தலையைக் குனிந்து திட்டு வாங்கிக்கொண்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். பைத்தியம் என்னுடையதுதான் என்று நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, காலைக் கழுவக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.