கைராசி மதினியின் நெஞ்சு

கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தேன். அண்ணன் போனில் கூப்பிட்டார். "உன் மதினி போயிட்டாத்தா. நெஞ்சு நின்னு போச்சு" என்றார். சோழவந்தானிலிருந்து அவனியாபுரம் போகிற வரைக்கும், பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். காரியம் முடிந்து வீடு வந்த பிறகும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட இரண்டு வரி எழுதுவது, எழுந்து வாசலுக்குப் போவது, திரும்பி வருவது என்றுதான் எழுதுகிறேன். அதிகம் படிக்காதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைகளுக்கு நடுவில் இட்லிக்கடை வைத்திருந்த என் அண்ணன் மனைவி பேச்சியம்மாளை, அவனியாபுரத்துக்காரர்களான உங்களில் பாதிப் பேர் கைராசிக்காரி என்றுதான் அறிவீர்கள். மருதாணி வைக்காமலே உள்ளங்கை சிவந்திருக்கும். தொட்டால் கதகதப்பாக இருக்கும். புதுப் பட்டறை திறந்தால் முதல் போணி மதினி கையால்தான். கல்யாண வீட்டில் பந்தக்காலுக்கு மஞ்சள் தடவவும் மதினியைத்தான் தேடுவார்கள்.

வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் முதலில் பிடித்துப் பார்த்தது அந்தக் கையைத்தான். ஈரல் சுருங்கிப் போயிருக்கிறது, அதனால்தான் கை இப்படிச் சிவக்கிறது என்றார். குடியே அறியாத மனுஷி. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து செய்த வேலையாம். நாங்கள் அழுதோம். மதினி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடியாத்தி! அப்ப இம்புட்டு நாளா ஊரே என் சீக்கைத்தான் ராசின்னு வாங்கிட்டுப் போயிருக்கா?"

ஈரலை மாற்றினால்தான் பிழைப்பார் என்றார்கள். ஆனால் இதய டாக்டர் தயங்கினார். "இப்ப உங்க ரத்தக்குழாயெல்லாம் தளர்ந்து கிடக்கு. அதான் கை சூடு, பிரஷரும் கம்மி. இதயம் நல்லா ஓடுற மாதிரி தெரியும். புது ஈரல் வந்ததும் குழாய் இறுகும். அப்ப இதயம் முக்கித் தள்ளணும். அந்தத் தெம்பு இருக்கான்னு தெரியணும்" என்றார். மதினி கடையில் தண்ணீர் பிடிக்கிறவர்தானே. "ஹோஸ் வாயை விரலால அமுக்கினா மோட்டார் திணறுமே, அது மாதிரியா சார்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, அதேதான் என்றார்.

ஊசி மருந்து ஏற்றி, படுக்கையிலேயே இதயத்தை வேகமாக ஓடவைத்துச் சோதித்தார்கள். வெளியே வந்த மதினி, "வாடிவாசல்ல அவுத்துவிட்ட மாடு கணக்கா ஓடுச்சுடி. ஆனா விழல" என்றார்.

அறுவை முடிந்ததும் டாக்டர் பயந்தது நடந்தது. நெஞ்சு தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோத்து, குழாய் வைத்து மூச்சு கொடுத்தார்கள். அதிலிருந்தும் மீண்டார். பார்க்க விட்டபோது ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். சூடு இல்லை, சிவப்பும் இல்லை. பதறிப் போய்ப் பரபரவென்று தேய்த்தேன். "தேய்க்காதீங்கக்கா. புது ஈரல் வேலை செய்யுது, அதான் சூடு குறைஞ்சிருக்கு" என்றார் நர்ஸம்மா. மதினி கண்ணைத் திறந்து, "விடுடி, தோல உரிக்காத" என்றார். அதுதான் முதல் பேச்சு.

லோ பிரஷர்காரி என்று சொல்லி உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடித்தே பழகியவர். புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்த மருந்தில் பிரஷர் ஏறியது, உப்பை நிறுத்தினார்கள். திட்டிக்கொண்டேதான் கேட்டுக்கொண்டார். சில வருஷம் நன்றாகப் போனது. பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஈரல் அருமையாக இருக்கிறது, நெஞ்சுதான் களைத்துவிட்டது என்றார் டாக்டர். எனக்கு ஆத்திரம் வந்தது. "ஏன்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஆபரேஷனுக்கு அப்புறம் கெடச்சதெல்லாம் கொசுறு. கொசுறா வந்த கத்தரிக்காயில சொத்தை பார்ப்பியா?" என்றார் மதினி.

துக்க வீட்டில் ஒரு சொந்தக்காரர் சத்தமாகவே சொன்னார்: "ஈரல மாத்தி என்னத்தக் கண்டா? கடைசியில அதுதான நெஞ்ச அமுக்கிருச்சு." அண்ணன் தலை கவிழ்ந்துவிட்டது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். "மாத்தாமலே விட்டிருக்கணுமோ?" என்று என்னிடம் கேட்டார்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறந்தவள் இல்லை. என் மாமியார் வீட்டில் என்னை அடித்தபோதுகூட, மதினிதான் வந்து வாசலில் நின்று கத்தினார். துக்க வீட்டில் அன்றைக்கு நான் எழுந்தேன்.

"என்னத்தக் கண்டான்னா கேக்குறீங்க? மாத்தலேன்னா ஆபரேஷன் பண்ணின அந்த ஆடியிலேயே மதினிய எடுத்திருப்போம். அதுக்கப்புறம்தான் கடையைத் திரும்பத் திறந்துச்சு. அதுக்கப்புறம்தான் சோழவந்தான் வந்து எனக்காகச் சண்டை போட்டுச்சு. அது வரலேன்னா நான் இன்னைக்கு இங்க நிக்க மாட்டேன். என்னைத்தான் கண்டுச்சு, போதுமா?"

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்படியே அவ கத்துற மாதிரியே இருக்குத்தா" என்று சொல்லிவிட்டு அழுதார்.

மதினி வாயை நான் வைத்துக்கொண்டேன். அடங்க மாட்டேன் என்கிறது.