சப்டைட்டில் இல்லாத படங்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹைதராபாத் அல்வால் பக்கத்து வீட்டு ஹாலில் படம் ஓடினால் முதலில் சிரிப்பவள் லலிதாதான். காமெடி நடிகர் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிடுவாள். அண்ணிக்கு எல்லாப் படமும் மனப்பாடம் என்று நாத்தனார் கனகம் கேலி செய்வாள். மனப்பாடமும் இல்லை, மண்ணும் இல்லை. திரைக்குக் கீழே ஓடும் ஆங்கில எழுத்து வசனத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். அதைப் படித்துத்தான் லலிதா சிரித்தாள். அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

மல்லாபூரில் தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில் அவள் ஸ்டோர்ஸ் கிளார்க். பக்கத்து ஷெட்டில் பிரஸ் மிஷின்கள் நாள் முழுக்க இடிக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு காதை அங்கேயே கொடுத்துவிட்டாள். எதிராளியின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடிப்பாள், மீதியைத் தானாக இட்டு நிரப்பிக்கொள்வாள். டீவியிடம் மட்டும் அந்த ஜம்பம் பலிக்காது. ஹைதராபாத்தில் தமிழ்ப் படம் டீவிக்கு வரும்போது தெலுங்கு பேசிக்கொண்டுதான் வரும். உதடு ஒரு பாஷை, சத்தம் ஒரு பாஷை. ஆக அவளுக்கென்று இருந்தது, சென்னைக்குக் கல்யாணம் கார்த்திகை என்று போகும்போதெல்லாம் வாங்கி அலமாரியில் அடுக்கிய ஒரிஜினல் டிவிடிகள்தான்.

காது விஷயம் கணவர் ஜகதீசனுக்கு மட்டும் தெரியும். காது மந்தம் என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் ஒன்று கத்துவார்கள், இல்லாவிட்டால் பேசுவதையே விட்டுவிடுவார்கள். அவளுடைய பெரியம்மாவுக்கு இரண்டும் நடந்தது. அதனால் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று ஜகதீசனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவரும் காது மிஷின் வைத்துக்கொள் என்று அடிக்கடி சொல்வார். வேண்டாம் என்பதை இவள் ஹைதராபாத் பாஷையில் நக்கோ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். காதுக்குப் பின்னால் அது தொங்கினால் ஊருக்கே தமுக்கடித்த மாதிரிதானே.

ஜகதீசன் ரிட்டயரான வருஷம் மழை அதிகம். டிஸ்க்குகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து, கிளைமாக்ஸ் வரும் நேரம் பார்த்துப் படம் உறைந்துபோகும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுருக்கி, ஒரே ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிடுவதாக அவர் அறிவித்தார். கனகமும் தனக்கு ஒரு காப்பி கேட்டாள். லலிதாவுக்கோ கால் தரையில் பாவவில்லை. பழைய பனியன் துணியால் ஒவ்வொரு டிஸ்க்காகத் துடைத்து, விளிம்பைப் பிடித்து அவர் கையில் கொடுத்தது அவள்தான். படத்தைச் சுருக்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் மாவு மிஷின் மாதிரி இரைகிறது என்று அவர் அலுத்துக்கொள்வார். அவளுக்கு அது சும்மா இருப்பதாகவே தோன்றும்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கனகம் குடும்பத்தோடு வந்தாள். புது ஹார்ட் டிஸ்க்கை டீவியில் சொருகிப் படம் போட்டார்கள். லலிதா திரைக்குக் கீழே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எழுத்து வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவள் தாமதமாகச் சேர்ந்து சிரித்தாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கனகம் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து, அவள் காதருகே கத்தினாள்.

"அண்ணி, கேக்குதா? சவுண்ட் ஏத்தட்டுமா?"

லலிதா ஜகதீசனைப் பார்த்தாள். அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனகத்துக்கு எப்படித் தெரியும் என்று ராத்திரி கேட்டதற்கு, அவள் தானாகக் கண்டுபிடித்திருப்பாள் என்றார். எழுத்து எங்கே என்றதற்கு, சுருக்கும்போது அதெல்லாம் கழன்று போய்விடும், கம்ப்யூட்டர் செய்கிற வேலை என்றார். பாவம், அவரும் என்ன செய்வார் என்று இவள் நம்பினாள். கட்டினவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? சரி, பூஞ்சை பிடித்தாலும் பழைய டிஸ்க்கையே பார்த்துக்கொள்வோம் என்று மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்தாள். அலமாரி காலி. கடைசியாகக் காப்பி எடுத்த டிஸ்க் மட்டும் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்தது.

ஜகதீசன் காய்கறி வாங்கப் போயிருந்தார். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து அவளுக்கும் கை பழகியிருந்தது. அதே புரோகிராமைத் திறந்தாள். படத்தின் பெயர் வந்தது, ஒலி வந்தது, அதற்கடியில் சப்டைட்டில் என்ற வரியும் வந்தது. அதன் பக்கத்துக் கட்டத்தில் டிக் தானாகவே விழுந்திருந்தது. அவள் எதையும் தொடாமல் படத்தின் தொடக்கத்தை மட்டும் சுருக்கிப் போட்டுப் பார்த்தாள். கீழே எழுத்து வரிசையாக ஓடியது. கம்ப்யூட்டர் ஒன்றையும் கழற்றவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மனிதர் மெனக்கெட்டு அந்த டிக்கை எடுத்திருக்கிறார். இவள் துடைத்துத் துடைத்துக் கொடுக்க, அவர் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஜகதீசன் பையோடு உள்ளே வந்ததும் திரையைக் காட்டினாள். அவர் பையைக் கீழே வைத்தார்.

"மிஷின் வெச்சுக்கோன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? எழுத்து இருக்கிற வரைக்கும் அண்ணி வெச்சுக்க மாட்டாங்கன்னு கனகம்தான் சொன்னா. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். எதுக்கு இப்படிப் பாக்கறே?"

டிஸ்க்குகளைப் பற்றிக் கேட்டாள். பழைய சாமான் வண்டியில் போட்டாயிற்று, வைத்திருந்தால் மறுபடி அதையேதானே போட்டுப் பார்ப்பாய் என்றார். அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து அவள் காதைப் பற்றிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அவள் காதில் மட்டும் போடவில்லை.

"எங்கிட்ட சொல்லிட்டு செஞ்சிருக்கலாம்" என்றாள் லலிதா. "சண்டை போட்டிருப்பேன். அவ்ளோதானே."

அடுத்த வாரம் ஒருவரிடமும் சொல்லாமல் அமீர்பேட் போனாள். கோச்சிங் சென்டர் போர்டுகளுக்கு நடுவே இருந்த கடையில் காதைச் சோதித்து மிஷின் வாங்கினாள். ஊருக்கே தெரிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? தொழிற்சாலையில் போட்டுக்கொண்டாள், பஸ்ஸில் போட்டுக்கொண்டாள். தனியாகப் போன கனகம் வீட்டு விசேஷத்திலும் போட்டுக்கொண்டு, கத்தாமல் பேசு கனகம் என்றாள்.

கனகம் அண்ணனுக்குப் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் லலிதா படியேறி வரும்போது ஜகதீசன் முகமெல்லாம் சிரிப்பாக வாசலிலேயே நின்றார். நான் சொன்னது சரியாகப் போயிற்றா இல்லையா என்றார். பிறகு அவள் காதைப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை. மிஷின் எங்கே என்று தன் காதைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

லலிதா செருப்பைக் கழற்றினாள்.

"கீழே தெரு கேட்டுலயே கழட்டிட்டேன். வீட்டுல கேக்கற மாதிரி இப்போ ஒண்ணும் இல்ல."